முன்பணம் வாங்காத ஓவியனுக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

மார்த்தாண்டத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியராகலாம் என்று ஆசை. ஆனால் தனியாக உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. சம்பளமும் கிடையாது, விரட்ட ஆளும் கிடையாது. நீங்களெல்லாம் எப்படித் தினமும் பிரஷ்ஷைத் தொடுகிறீர்கள்?"

தம்பி, எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். சுவர் ஓவியம், ஆலயத்துப் பீடப் படம், பள்ளிக்கூடச் சுவர், ஆளைப் பார்த்து வரையும் உருவப்படம் என்று எது வந்தாலும் செய்வேன். வேறு சம்பளம் கிடையாது. ஊக்கத்துக்காக நான் எந்தப் பேச்சையும் கேட்பதில்லை. காலையில் எழுந்து சூரியனைப் பார், மனதை ஒருமுகப்படுத்து என்கிற வீடியோக்கள் பக்கமே போவதில்லை. வேலையில் உட்கார மனசு வராத நாளைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் அடியில் கலைச் சிக்கல் எதுவும் இருக்காது. காசு பேசாமல் ஒத்துக்கொண்ட வேலையாக இருக்கும். இல்லையென்றால் எப்போது முடிக்க வேண்டும் என்று தேதி சொல்லாத வேலையாக இருக்கும். "பைசா எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அந்தச் சுவரின் முன்னால் நின்று சிவப்பைக் குழைக்க யாருக்கு மனசு வரும்? சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். கணக்கைத் தெளிவாக்கினால் முக்கால்வாசி சோம்பல் போய்விடும்.

அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிச்சுவர் வேலை செய்பவனுக்கு மற்ற ஊர்க்காரனுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு, வடகிழக்கும் நமக்கு. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் சுவர் காயாது. பிறகு அக்டோபரில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ரப்பர்க்காரர்களாவது மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிப் பால் வெட்டுவார்கள், நாம் சுவருக்கு என்ன கட்டுவது? வருஷத்தில் ஒரு 150 நாள் சுவரில் நிற்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்றால் வருஷத்துக்கு 3,00,000. அப்படியானால் பெயிண்ட், சாரம் வாடகை, கையாள் கூலி எல்லாம் போக ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல், "கொத்தனாருக்கே ஆயிரத்துச் சொச்சம், நாம் எப்படி இரண்டாயிரம் கேட்பது" என்று கூசிக்கொண்டு நிற்பவர்கள்தான் ஆடி மாதம் வட்டிக்கு வாங்குகிறார்கள். கேட்கிறவரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். உள்ளுக்குள் கணக்கு நாளில் இருக்கட்டும்.

பணத்தை மூன்று தவணையாக வாங்குவது என் வழக்கம். பென்சில் ஸ்கெட்ச் சரி என்றதும் 40 சதவீதம். சுவரில் கோடு இழுத்து அடிவண்ணம் முடிந்ததும் 40. கடைசி 20, சாரத்தைப் பிரிப்பதற்கு முந்தின நாள். சாரம் இறங்கிய பிறகு காசு கேட்டால் உங்கள் குரல் தானாகவே தணிந்துவிடும். ஸ்கெட்சில் இரண்டு முறை திருத்தம் இலவசம். சுவரில் ஏறிய பிறகு மாதா முகத்தை மாற்று, மேகத்தைக் குறை என்றால் அதற்குத் தனிக் காசு. இதையெல்லாம் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, வாட்சப்பில் நாலு வரி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலே போதும். ஆலய வேலை என்றால் மட்டும் இன்னும் ஒரு படி மேலே போங்கள். பங்குத்தந்தை மாற்றலாகிப் போவார், வருகிற ஃபாதருக்கு முந்தினவர் உங்களிடம் வாயால் சொன்னது எதுவும் தெரியாது. பங்குப் பேரவைத் தீர்மானத்தில் தொகையும் தேதியும் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கமிட்டிக்கும் இதே மருந்துதான்.

அடுத்தது இலவச வேலை. "நம்ம கோயிலாக்கும் மக்ளே, நீ பாத்துச் செய்யி" என்று ஒரு பெரியவர் தோளில் கைபோட்டுச் சொன்னால் மறுக்க நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. நானும் மறுப்பதில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு வேலை இலவசம், அதுவும் எது என்று நான் முடிவு செய்வேன். அதற்கும் முழு பில் போட்டு, கடைசி வரியில் "நன்கொடை" என்று கழித்துக் கொடுப்பேன். அடுத்த வருஷம் அந்தப் பெரியவரே இன்னொருவரிடம், "லே, அந்தப் பய நாப்பதாயிரம் ரூவா வேலைய சும்மா செஞ்சு தந்தான்" என்பார். பில் இல்லையென்றால், "ஏதோ கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுத் தந்தான்" என்றுதான் பேச்சு வரும்.

வேலை எப்போது வரும் என்பதைக் காலண்டரே சொல்லிவிடும். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா கொடியேறும், அதையொட்டி கிறிஸ்துமஸ், குடில், நட்சத்திரம். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா. ஏப்ரல், மே என்றால் பள்ளிக்கூடச் சுவர், ஜூன் திறப்புக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் வீட்டு ஹாலுக்கும் பூஜையறைக்கும் படம் கேட்பார்கள், அவர்கள் டிக்கெட் போடும்போதே தேதி பேசிவிட வேண்டும். திருவிழா வேலைக்குத் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே போய்ப் பாருங்கள். கொடியேற இரண்டு வாரம் இருக்கும்போது வருகிறவர் அவசரத்தையும் கொண்டு வருவார், ஆனால் அவசரத்துக்கான காசைக் கொண்டு வர மாட்டார்.

கைத்தொழில் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், இது தெரியாமல் பெயர் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சுவர் ஈரமா இல்லையா என்று கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாண் சதுரத்துக்குக் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் சுவர் கறுத்திருந்தாலோ, பிரைமர் டப்பாவைத் திறக்க வேண்டாம். வீட்டுக்காரரையே கூப்பிட்டு அந்தத் தாளைப் பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் நூறு முறை சொன்னாலும் நம்பாதவர், உள்ளே முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்ததும் தேதியைத் தானே தள்ளி வைப்பார். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரைக் குருசடி (சிலுவை வைத்த சிற்றாலயம்) சுவர்களில் இதோடு உப்பும் பூக்கும். வெள்ளைப் பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, மறுபடி பூக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடிவண்ணம். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நாலு வாரமாவது விடுங்கள். இந்தக் காத்திருப்பை எல்லாம் கொட்டேஷனிலேயே எழுதிவிட்டால் யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

மழை மாதங்கள்தான் உண்மையில் மனசைக் கவிழ்ப்பவை. அப்போது மேசை வேலை: உருவப்படம், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னணித் திரை, அடுத்த சீசனுக்கான ஸ்கெட்ச். இதற்கு எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் எழும்போது கஷ்டமான இடத்தில் விட்டுவிட்டு எழ மாட்டேன். அந்தோனியார் படம் என்றால் முகத்தையும் குழந்தை இயேசுவையும் முடித்துவிட்டு, அங்கியின் பழுப்பு மடிப்பில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே மிச்சம் வைப்பேன். காலையில் யோசிக்காமல் கை அதில் போய்விடும், அரை மணிநேரத்தில் நான் வேலைக்குள் இருப்பேன். வெறும் தாள் முன்னால் காபி டம்ளரோடு உட்காரும் காலை எனக்கு ஆகவே ஆகாது.

எங்கள் ஊர்ப் பக்கமே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் வரைந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. இதைச் சொல்லி, "பெயருக்கு ஆசைப்படாமல் வரை" என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களைப் போஷிக்க ஓர் அரண்மனை இருந்தது, நமக்கு மின்கட்டண பில்தான் இருக்கிறது. ரவி வர்மாவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரசர்களிடம் ஆர்டர் வாங்கி, ஊர் ஊராகப் பயணம் செய்து வரைந்தவர். தம்பி ராஜராஜ வர்மா கூடவே இருந்து ஓவியத்திலும் கைகொடுத்தார். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி சாமி படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். படங்கள் நாடெல்லாம் பரவின, அச்சகமோ கடனில் சிக்கி கடைசியில் ஒரு ஜெர்மன்காரர் கைக்குப் போனது. அவ்வளவு பெரிய கைக்கே கணக்கு தனி வித்தை. வரையத் தெரிந்தால் வியாபாரம் தானாக வரும் என்று நினைக்காதீர்கள்.

மயிலாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கல் சிற்பிகளின் பட்டறைகளில் ஆளுயரச் சிலை ஒரு பக்கம் பாதியில் நிற்கும், பக்கத்திலேயே கைக்கடக்கமான பிள்ளையாரும் கல்விளக்கும் வரிசையாக இருக்கும். பெரிய வேலைக்குப் பணம் வரத் தாமதமானால் சின்னது அரிசி வாங்கித் தரும். நமக்கும் அப்படிச் சின்னது ஏதாவது வேண்டும். அஞ்சலட்டை அளவில் திற்பரப்பு, சிதறால், மாத்தூர் தொட்டிப்பாலம் என்று வரைந்து வைத்தால் சுற்றுலாப் பயணிகளும், ஊரைவிட்டு வெளியே இருக்கும் நம் ஆட்களும் வாங்குகிறார்கள்.

காகித வேலை சுருக்கமாக. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். காசு கேட்கிற இடைத்தரகர் தேவையில்லை. பதிவு இருந்தால், வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிற 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தை மரியாதையாக நினைவூட்டலாம். கல்லூரியோ கம்பெனியோ டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கிற வருமான வரி) பிடித்துக் கொடுத்தால் அது போன காசு என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பதிப்புரிமையில் ஒரு சூட்சுமம் உண்டு. 1957 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் அவர்தான். நீங்கள் அதையே காலண்டரிலும் கப்பிலும் அச்சடித்து விற்க நினைத்தால் அந்த உரிமை எனக்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

ஏஐ படத்தை போனில் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். கோபப்படாதீர்கள். பிளெக்ஸ் வந்தபோது போர்டு எழுதிய அண்ணாச்சிகள் கோபப்பட்டார்கள், கோபம் சோறு போடவில்லை. அவர்களில் எழுத்தின் அளவும் இடைவெளியும் நன்றாகத் தெரிந்தவர்கள் ஆலயக் கல்வெட்டுக்கும் சுவர் ஓவியத்துக்கும் திரும்பினார்கள். போனில் இருக்கிற படத்தைப் பதினைந்தடிச் சுவரில், ஜன்னலும் ஸ்விட்ச் போர்டும் குறுக்கே வர, ஏற்றத் தெரிவது இன்னும் மனுஷக் கைதான்.

"மக்கா, வேலைக்கு ஒண்ணும் போவலியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்லி மாளாது. வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் மாதக் கணக்கைக் காட்டுங்கள், அவர்கள் உங்கள் பக்கம் இருந்தால் தெருவைப் பற்றிக் கவலையில்லை.

இனி உங்கள் விஷயம். பிளெக்ஸ் கடையை உடனே விடாதீர்கள். எழுத்தாளர் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டுதான் எழுதினார். அதுவும் இல்லாமல், உங்களுக்குக் கடையில் கிடைத்திருக்கும் ஒரு வித்தை எனக்கு இல்லை. சுவரை போட்டோ எடுத்து, அதன்மேல் உங்கள் ஸ்கெட்சை அளவு மாறாமல் வைத்துக் காட்ட உங்களால் பத்து நிமிடத்தில் முடியும். கமிட்டிக்காரர்களுக்குப் பென்சில் கோடு புரியாது, இது புரியும். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் சேரும்வரை ஞாயிறும் இரவும் போதும். வரும் ஏப்ரலில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரே ஒரு சுவர் கேளுங்கள், 40 சதவீதம் முன்பணத்தோடு. தலைமையாசிரியர் இழுத்தால் நூறு சதுர அடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், சதவீதத்தைக் குறைக்காதீர்கள். ஸ்கெட்ச் போட்டதும் வேண்டுமானால் இங்கேயே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.