கழிவு விலைப் புத்தகங்களைக் கிளறுவது வீண் வேலையா?

கேள்வி: கிளிநொச்சியில் பழைய புத்தகங்களைக் கழிவு விலைக்குப் போட்டு விற்கிறார்கள். சமையல், சோதிடம், நாவல், பரீட்சை வழிகாட்டி எல்லாம் ஒரே குவியல். மகன் அதற்குள் மணிக்கணக்காக நிற்கிறான். வேண்டிய புத்தகத்தைப் புதிதாகவே வாங்கிவிடலாமே?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: புதிதாகக் கிடைப்பதைப் புதிதாகவே வாங்குங்கள், எழுதியவருக்கும் ஏதாவது போய்ச் சேரும். கிடைக்காததை என்ன செய்வீர்கள்? ஈழத்தில் வந்த நூல்களில் மிகப் பல ஒரே பதிப்போடு நின்றுபோனவை. 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு இங்கே பதிப்பு முயற்சிகள் சூடுபிடித்தன. வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது அந்தக் காலத்தில்தான். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அப்படி வந்தது. உங்கள் மகன் அதைக் கேள்விப்பட்டிருக்கிறானா? கேள்விப்படாத புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கடையில் கேட்க முடியாது. குவியலில் கைபட்டால்தான் உண்டு.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2008இலும் 2009இலும் இறுதிப் போரின்போது மன்னார்ப் பக்கத்திலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது? அரிசி, சட்டி பானை, பிள்ளைகள், அடையாள அட்டை. புத்தக அலுமாரியை யாரால் தூக்க முடிந்தது? அதனால் அப்பப்பா வாங்கிவைத்த புத்தகம் என்று ஒன்று வன்னியில் பல வீடுகளில் இல்லை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருக்கிற ஒரு மத்தியானத்தில் வீட்டு அலுமாரியிலிருந்து எதையோ உருவி வாசிக்கத் தொடங்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த அலுமாரிக்குப் பதிலாக இந்தக் குவியல்தான் இருக்கிறது. கலந்து கிடக்கட்டும், நல்லதுதான். சோதிடத்துக்கு அடியில் ஒரு கவிதைத் தொகுப்பு அகப்படும். அவனை நிற்க விடுங்கள். முடிந்தால் நீங்களும் கூட நின்று பாருங்கள்.

வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய பரீட்சை வழிகாட்டியை மலிவென்று வாங்க வேண்டாம், பாடத்திட்டம் மாறியிருக்கும். நாவலென்றால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூலக முத்திரை இருந்து, கழித்துவிட்டதற்கான குறிப்பு இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். அது இன்னும் அந்த நூலகத்தின் சொத்தாக இருக்கலாம். கறையான் தின்ற புத்தகத்தை வீட்டில் மற்றப் புத்தகங்களோடு உடனே சேர்க்காதீர்கள். ஈரவாடை அடித்தால் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

அப்புறம், ஈழத்தில் அச்சான பழைய நூலோ சஞ்சிகையோ கிடைத்தால் 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். 2005இலிருந்து நம் நூல்களை மின்பதிவாக்கிச் சேர்த்து வருகிறார்கள். அங்கே இல்லாவிட்டால் மின்பதிவுக்குக் கொடுத்துதவ முடியுமா என்று அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். உங்கள் மகன் எடுத்து வந்ததில் அப்படி ஏதாவது இருந்தால் எங்களுக்கும் அறியத் தாருங்கள்.