செலோம் கீரை: பகாவ் தோட்டத்து வாசகர்களுக்குப் பதில்

கேள்வி: அக்கா, எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் லோங்காங் (வடிகால்) ஓரம் செலரி மாதிரி படர்ந்திருக்கிறது. செலோமா?

பதில்: தண்டு உள்ளே குழலாக இருக்க வேண்டும், கசக்கினால் செலரி வாசம் வர வேண்டும், தரை தொடும் கணுக்களில் வேர் விட்டிருக்க வேண்டும். செலோம் சேர்ந்த கேரட் குடும்பத்தில் நஞ்சுச் செடிகளும் உண்டு. அதனால் பறித்துப் பழகியவரிடம் காட்டாமல் வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி: செலோம்தான் என்றால் சம்பல் பெலாச்சானோடு (இறால் விழுதுத் துவையல்) பச்சையாகச் சாப்பிடலாமா?

பதில்: எங்கே முளைத்தது என்பதுதான் முதல் கேள்வி. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) அடியில் மாடு மேய்கிறதா? மாட்டின் ஈரலில் தட்டைப்புழு இருந்தால் அதன் முட்டை சாணத்தோடு தண்ணீருக்குப் போகும். அங்கே நத்தைக்குள் வளர்ந்து வெளியேறும் குஞ்சுப்புழு, நீர்ச்செடியின் இலையிலும் தண்டிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பச்சையாகத் தின்றால் அது நம் ஈரலுக்குள் துளைத்துப் போகும்: காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. அந்த லோங்காங் கீரையைப் பச்சையாகத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வினிகரில் ஊறவைத்தால்?

பதில்: நம்ப முடியாது. நன்றாக வேகவைத்தால்தான் சாகும்.

கேள்வி: எங்கள் பாட்டி காலமெல்லாம் பச்சையாகத்தான் தின்றோம், ஒன்றும் ஆகவில்லையே!

பதில்: ஐயா, மாடு மேயாத இடத்து ஓடையாக இருந்திருக்கலாம். புழு இருந்தும் அறிகுறி தெரியாமல் போனவர்களும் உண்டு. பாட்டி செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை, இன்றைய லோங்காங்கைப் பார்த்துச் சொல்கிறேன். இன்னொன்று, செம்பனையில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற மருந்து 2020 முதல் நம் மலேசியாவில் தடை, ஆனால் மற்ற மருந்துகள் அடிக்கிறார்களே. அது வேகவைத்தாலும் போகாது, அதனால் மருந்து அடிக்கும் இடத்துக் கீரையே வேண்டாம்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் கழுவினால்?

பதில்: வினிகருக்குச் சொன்னதே. வேகவையுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் இதே பேரினத்துச் செடி ஒன்று ஆளைக் கொல்லும் என்று படம் வந்ததே?

பதில்: உண்மைதான். அது ஓனாந்தே குரோகாட்டா, கிழங்கு வேர் கொண்டது, ஐரோப்பியச் செடி. நம் செலோம் ஓனாந்தே ஜாவானிகா. கொரியர்கள் மினாரி என்று உண்பது இதைத்தான். ஜப்பானியர் ஜனவரி 7 அன்று குடிக்கும் ஏழு கீரைக் கஞ்சியிலும் இது உண்டு.

கேள்வி: வல்லாரை ஞாபகசக்தி தருமா?

பதில்: அதுவும் கேரட் குடும்பம்தான். ஆனால் ஞாபகசக்திக்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரையாக எடுப்பதென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: லோங்காங் செலோமை வெந்நீரில் ஒரு முக்கு முக்கினால்?

பதில்: தம்பி, மருந்து அடிக்காத இடமென்றாலும் புழு சாக ஒரு முக்கு போதாது. வேகட்டும்.

கேள்வி: வீட்டில் வளர்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. பசாரில் வேரோடு வாங்கிய தண்டைத் தொட்டியில் சேற்றில் ஊன்றி, தினம் குழாய்த்தண்ணீர் ஊற்றுங்கள். மண் காயக்கூடாது, அதே சமயம் மேலே தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். புதிதாக விட்ட தளிரை மட்டும் பறியுங்கள்.