சிறுவர்கள் ரக்பி ஆட எந்த பூட்ஸ் சரி? எது விதிப்படி செல்லாது?

ரக்பி பூட்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தில் துருத்தி நிற்கும் குமிழ்களை, அதாவது ஸ்டட்களை. உலக ரக்பி விதிப்படி ஒரு ஸ்டட் 21 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது. கூரான விளிம்பு இருக்கக்கூடாது. பூட்ஸின் முன்நுனியில் தனியாக ஒற்றை ஸ்டட் இருக்கக்கூடாது. காரணம் எளிது. பந்துக்காகக் கீழே விழுந்து கிடப்பவரின் கை, காது, முகத்துக்குப் பக்கத்தில்தான் மற்றவர்கள் கால் வைப்பார்கள். முன்னால் தனித்து நிற்கும் குமிழ் தோலைக் கிழித்துவிடும்.

மதுரைப் பக்கத்து மைதானங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை தவிர மற்ற நாளெல்லாம் இறுகிக் கிடக்கும். நீளமான உலோக ஸ்டட் அங்கே, காய்ந்த கரம்பையில் கடப்பாரை தெறிப்பதுபோல, இறங்காது. கால் மேலேயே நின்று கணுக்கால் பிசகும், வளரும் பிள்ளைக்குக் குதிகால் வலிக்கும். அடியோடு சேர்த்து வார்த்த குட்டையான ரப்பர் ஸ்டட் பலவாக உள்ளதே நம் மண்ணுக்கு ஏற்றது.

விளையாட்டு சாக்ஸ் போட்டு மாலையில் அளவு பாருங்கள். விரலுக்கு முன்னால் அரை அங்குலத்துக்குள் இடம் போதும். “வளர்ற புள்ளதானே” என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கொப்புளம்தான் மிச்சம்.

சிமெண்ட் தரையில் நடந்தால் ஸ்டட் தேய்ந்து பிசிறு எழும்பும். ஆட்டத்துக்கு முன் பழைய சாக்ஸால் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அந்த பூட்ஸ் வேண்டாம்.

கால்பந்து பூட்ஸ் ரக்பியில் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே சொன்னதெல்லாம் பொருந்தினால் அதுவே செல்லும்.