செயலி வந்தது, ஆட்கள் வரவில்லை

கேள்வி: பீன்யாவில் 120 பேர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை எங்களுடையது. கம்பெனி தகவலுக்கென்று புதிய சாட் செயலி வாங்கி, பயிற்சியும் கொடுத்து மூன்று மாதமாகிறது. இன்னும் எல்லாரும் பழைய வாட்ஸ்அப் குரூப்பில்தான். என்ன செய்வது?
- வாசகர், பெங்களூரு

பதில்: மிக்ஸி வாங்கினால் பக்கத்து வீட்டில் மிக்ஸி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, அது பாட்டுக்கு அரைக்கும். சாட் செயலி அப்படியல்ல. ஸ்டோர்காரர் அதைத் திறக்காவிட்டால் மெஷினில் நிற்பவருக்குப் பைசா பிரயோஜனமில்லை. இரண்டு தடவை மெசேஜ் போடுவார், பதில் வராது, வாட்ஸ்அப்புக்கே போய்விடுவார். 120 பேருக்கும் ஒரே நாளில் கொடுத்ததுதான் பிசகு.

ஒரே ஒரு வேலையை எடுங்கள். ஷிஃப்ட் மாற்றம் தோதானது: சூப்பர்வைசர், ஸ்டோர், குவாலிட்டி, மெயின்டனன்ஸ் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூட விடுபடக் கூடாது. எந்த மெஷின் நிற்கிறது, எந்த ஜாப் பாதியில் கிடக்கிறது, இந்த இரண்டும் இனி புதிய செயலியில் மட்டும். அன்றே பழைய குரூப்பில் அட்மின் மட்டும் மெசேஜ் போடும்படி செட்டிங்கை மாற்றுங்கள். குரூப்பைக் கலைக்க வேண்டாம். பழைய போட்டோவைத் தேடி வருவார்கள்.

'மெசேஜே வரல சார்' என்பதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க, திறக்காமல் கிடக்கும் செயலியை முடக்கிவிடும். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். சர்க்குலர் விட்டால் நடக்காது. ஒவ்வொரு போனையும் கையில் வாங்கிச் செய்ய வேண்டும். வாய்ஸ் மெசேஜ் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசுகிற இடத்தில், கையில் கிரீஸோடு யார் டைப் அடிப்பார்கள்?

முதலாளி பழைய வழக்கத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு 'ஓகே' போட்டாலும் போச்சு. மறுநாளே எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

கேள்வி: முதலில் யாரைப் பழக்குவது? செல்போனில் கெட்டிக்காரர்களையா?

பதில்: அவர்களைப் பழக்கவே வேண்டாம், தாமாகவே வந்துவிடுவார்கள். புதியதை யார் எவ்வளவு சீக்கிரம் ஏற்கிறார்கள் என்று 1962-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் பிரித்த கணக்கில், முதலில் குதிக்கும் அவர்கள் 2.5 சதவீதம், 120 பேரில் மூன்று பேர். ஆனால் 'அவனுக்கென்ன, போன் பைத்தியம்' என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்து வரும் 13.5 சதவீதம்தான் மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும் ஆட்கள். உங்களிடம் பதினாறு பேர் தேறுவார்கள். பதவியை வைத்துத் தேடாதீர்கள். டூல் உடைந்தால், லீவு கணக்கு புரியாவிட்டால் ஆட்கள் யாரிடம் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் அது மேனேஜராக இருக்காது. வயதான ஸ்டோர்கீப்பராக இருக்கலாம்.