ஒரு கோடி ஏ4 தாள்களை அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும்? தாளின் தடிமனை வீட்டிலேயே அளக்க முடியுமா?

உயரம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் வரும். வீட்டில் அளக்கவும் முடியும், ஆனால் ஒற்றைத் தாளை அளக்கக் கூடாது.

நாகர்கோவிலில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகள், "அண்ணே, ஸ்க்ரூ கேஜ்ல வச்சா போதும்லா?" என்பார்கள். போதாது. பள்ளி ஆய்வகத்து ஸ்க்ரூ கேஜ் காட்டும் மிகச் சிறிய அளவு 0.01 மி.மீ. தாளின் தடிமனோ சுமார் 0.1 மி.மீ. அளவில் ஒரு கோடு தள்ளிப்போனாலே பத்தில் ஒரு பங்கு பிசகு. ஒரு கோடியால் பெருக்கும்போது அது 100 மீட்டர் ஆகிவிடும்.

ஒரு ரீமை, அதாவது 500 தாள் கட்டை எடுத்து, சாதாரண ஸ்கேலால் அளங்கள். 80 ஜி.எஸ்.எம். தாள் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம்) என்றால் 5 செ.மீ. அளவில் இருக்கும். ஒரு கோடித் தாளுக்கு 20,000 ரீம். 20,000 × 5 செ.மீ. = 1,000 மீட்டர். இதிலும் 1 மி.மீ. கூடக்குறைய அளந்தால் கடைசியில் 20 மீட்டர் இடிக்கும். பத்து ரீமை அடுக்கி மொத்தமாக அளந்தால் அதே 1 மி.மீ. பிசகு 2 மீட்டரோடு நின்றுவிடும். மேலுறையைப் பிரித்துவிட்டு, மேலே ஒரு பலகை வைத்து லேசாக அழுத்தி அளக்க வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பிரித்துப் போட்ட ரீம் ஈரம் குடித்து ஓரம் அலை அலையாக எழும்பி நிற்கும். அதை அளந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும். அச்சடித்த தாளும் அப்படித்தான்.

இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் உடனே சந்திரனுக்குப் போய்விடுவார்கள். 3,84,400 கி.மீ. தூரத்துக்கு 3.84 லட்சம் கோடித் தாள் வேண்டும் என்று சொல்லி யாருக்கு என்ன பிடிபடும்? கண்ணால் பார்த்த உயரமாக இருந்தால் நல்லது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, அதாவது 40.5 மீட்டர். அதை எட்ட 4 லட்சத்துச் சொச்சம் தாள், 810 ரீம் போதும். 1,330 குறளையும் தாளுக்கு ஒன்றாக எழுதி அடுக்கினால் 13 செ.மீ.தான், ஒரு சாண்கூட இல்லை! 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 18,70,374. ஆளுக்கு ஒரு தாள் வைத்தால் 187 மீட்டர், நாலரைச் சிலை உயரத்துக்கும் சற்று மேலே.

எடையை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம். ஏ4 தாள் சதுர மீட்டரில் 16-ல் ஒரு பங்கு. எனவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்று 5 கிராம், ஒரு ரீம் 2.5 கிலோ. சிலை உயரத்து அடுக்கு 2 டன். ஒரு கோடித் தாள் 50 டன். அந்த 50 டன்னும் அடியில் கிடக்கும் ஒரே தாளின் மேல் உட்காரும். சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ, லாரி டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தைவிடப் பத்து மடங்கு. தாளுக்குள்ளும் தாளுக்கு இடையிலும் இருக்கும் காற்று பிதுங்கிப்போய் அடிப்பகுதி நசுங்கும். ஆகவே உண்மையிலேயே அடுக்க முடிந்தாலும் 1 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். கடற்கரைக் காற்று அதை நிற்கவிடுமா என்பது வேறு விஷயம்.

பள்ளி புராஜெக்டுக்காகக் கேட்டிருந்தால், என் 5 செ.மீ.யை அப்படியே எழுத வேண்டாம். 70, 75 ஜி.எஸ்.எம். தாளும் கடைகளில் விற்கிறது, தடிமன் மாறும். உங்கள் ரீம் 4.8 செ.மீ. வந்தால் விடை 960 மீட்டர்.