நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 73. கணவர் மறைந்த பின் தனியாக வசிக்கிறேன். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஆனாலும் சமையலறையில் சட்டென்று திரும்பும்போது தடுமாறுகிறது. சமநிலைப் பயிற்சி செய்யும்படி மகள் வற்புறுத்துகிறாள். துணைக்கு ஆளில்லாத வீட்டில் ஒற்றைக் காலில் நின்று, விழுந்துவிட்டால் என்ன செய்வது? நடைப்பயிற்சி போதாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. நடையை விட்டுவிடாதீர்கள், ஆனால் தடுமாற்றத்தைப் போக்க அது மட்டும் போதாது. கண், உட்காது, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள் ஆகியவை தரும் செய்திகளைக் கொண்டே மூளை நம்மை விழாமல் நிறுத்துகிறது. வயது ஏற ஏற இவை மங்கி, கால் தசைகளும் மெலிவதால், நேராக நடக்கையில் தெரியாத குறை திரும்பும்போது வெளிப்பட்டுவிடுகிறது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்களேனும் சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறை, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்து கற்றுத்தர, முதியவர்கள் பின்னர் தாமாகவே செய்வதுதான். 80 வயதைக் கடந்த பெண்களிடமும் அது விழுதலைக் குறைத்தது.

எழுந்து நின்றதும் கண் இருட்டினாலோ, நீரிழிவால் பாதம் மரத்திருந்தாலோ, தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

எடுத்தவுடன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம். சமையல் மேடையைப் பார்த்து நின்று, இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து வைத்து 10 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும், ஒரு குதிகால் மற்றொரு காலின் பெருவிரலைத் தொடுமாறு, கோலப்புள்ளி போல வரிசையாகப் பாதங்களை வையுங்கள். பிறகு ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு மேடைக்கு மேலே தொடாமல் நிற்கும் கை என்று பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே வருவதில்தான் இப்பயிற்சியின் உயிர் இருக்கிறது. கடைசி வரை இறுகப் பிடித்திருந்தால் சமநிலை வளராது. இப்படிப் பாதங்களை வரிசையாக வைத்து, எதையும் பிடிக்காமல் 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், முடியவில்லையெனில் ஒரு முறையாவது இயன்முறை மருத்துவரை வரவழையுங்கள். சுவரோடு ஒட்டிய, கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் தொடைக்கு வலுவூட்டும்.

பயிற்சியின்போது தரை உலர்ந்திருக்கட்டும். உங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். கைபேசியை மேசையில் வைக்காமல் பையிலிட்டு இடுப்பிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் இருக்கும் வேளையில் செய்யுங்கள். வாசற்கதவின் உள்தாழ்ப்பாளை அந்தப் பத்து நிமிடம் போடாதீர்கள்.