கனி தரும் வாழ்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒவ்வொரு வருடமும் தை முதலாம் திகதி ஆதியாகமத்தில் தொடங்கி வேதாகமம் முழுவதையும் வாசிக்கப் பார்க்கிறேன். மாசிக்குள் நின்றுவிடுகிறது. விடிந்தால் சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பிறகு கந்தோர். என்ன செய்யலாம்?
– வாசகி, மானிப்பாய்

பதில்: 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கில் தை கடைசியில் லேவியராகமத்தின் பலிமுறைகளுக்கு வந்துவிடுவீர்கள். பலர் நிற்பது அங்கேதான். இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் பத்து அதிகாரம் நிலுவையில் நிற்கும். அந்தப் பாரமே புத்தகத்தை மூடிவைக்கச் செய்கிறது.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம். மூன்று மாதத்தில் முடியும். தவறிய நாளை ஈடுசெய்யப் போகாதீர்கள், இன்றைக்குரியதை மட்டும் வாசியுங்கள். கைத்தொலைபேசியைத் தொடுமுன் பதினைந்து நிமிடம் போதும். ஆறுதலாக வாசித்து, ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். அதன் கீழே, இன்று யாரிடம், எந்த வேலையில் இதைச் செய்யப் போகிறேன் என்று ஒரு வரி. பலர் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். அது இல்லாமல் வாசித்தது மத்தியானத்துக்குள் மறந்துபோகும். இரவு படுக்குமுன் அந்த வரியைத் திரும்பப் பார்த்து, செய்ததற்கு நன்றியும் செய்யாததற்கு மன்னிப்பும் சொல்லிவிட்டுப் படுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு மணித்தியாலம் ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம். ஆனாலும் மனதில் சமாதானம் இல்லை. வேலிப் பிரச்சினையால் தமையனோடு கதைத்து நாலு வருடம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: உண்டு. கலாத்தியர் 5:22-23 சொல்லும் ஆவியின் கனியை எண்ணிப் பாருங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதில் பெரும்பாலானவை இன்னொரு மனிதர் முன்னாலேதான் வெளிப்பட முடியும். அதற்குச் சற்று முன்னே, மாம்சத்தின் கிரியைகளில், பகையும் சண்டையும் விபசாரத்தோடும் வெறியோடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. குடிகாரனைச் சபையில் எல்லோரும் கவனிக்கிறோம். சகோதரன் வீட்டுப் படலையைத் திறக்காதவரை யாரும் கேட்பதில்லை.

மத்தேயு 5:23-24, சகோதரனுக்கு உங்கள்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறது. யார் பக்கம் நியாயம் என்பது போவதற்கு நிபந்தனை அல்ல.

ஒரு பின்னேரம் தனியாகப் போங்கள். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ ஆட்கள் முன்னால் தொடங்க வேண்டாம். காணி உறுதியைக் கையில் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சொன்ன வார்த்தையைக் குறிப்பிட்டு, “அது என் பிழை அண்ணா” என்று சொல்லுங்கள். “நான் ஏதும் பிழை விட்டிருந்தால்” என்று தொடங்கினால் அவர் மனம் இன்னும் இறுகும். அன்றைக்கே பதிலை எதிர்பாராதீர்கள்.

எல்லையை வேறாக வையுங்கள். மன்னிப்பதற்காகக் காணியை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றில்லை. இருவரும் சம்மதித்த நில அளவையாளரைக் கொண்டு, செலவைப் பங்கிட்டு அளக்கலாம். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அவர் முகம் கொடுக்காவிட்டால் ரோமர் 12:18-இன் “உங்களாலானமட்டும்” என்ற அளவு உங்களுக்கும் பொருந்தும். அவர் மனம் மாறவேண்டும் என்று மட்டும் ஜெபிக்காமல், அவருடைய பிள்ளைகளின் படிப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

ஜெப நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நம்மூர் முந்திரிகைத் தோட்டக்காரருக்குத் தெரியும்: வெட்டாத கொடி பந்தல் முழுக்க இலையாக ஓடும், வெட்டியபின் வரும் புதுத் தளிரில்தான் குலை பிடிக்கும். யோவான் 15:2 பேசுவதும் அதையே. உங்களிடத்தில் கத்தி படவேண்டிய இடம் இந்தப் பகைதான்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, இன்சுலின் போடுகிறார். தவக்கால வெள்ளிகளில் பின்னேரம்வரை ஒன்றும் சாப்பிடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, குருநகர்

பதில்: தடுங்கள். கத்தோலிக்க திருச்சபை நோன்புக் கடமையை விதிப்பது 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கே. அதுவும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றைக்கும் ஒரு முழு உணவும் இரண்டு சிற்றுணவும் உண்டு. நோயாளருக்கு விலக்கு உண்டு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாதிருந்தால் சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். மச்சம் மாமிசத்தை விட்டு மரக்கறியோடு நேரத்துக்குச் சாப்பிடட்டும். எசாயா 58:7 சொல்வதுபோல், வெள்ளிதோறும் தனியே இருக்கும் ஒருவருக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுத்தனுப்பலாம். மருந்து வேளையையோ சாப்பாட்டு வேளையையோ மாற்றுவதென்றால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.